ஷனேல் அம்மையாரைப் பற்றிய வரலாற்று நாடகங்களில் கதைப்பின்னல்

ஒருவனைப் பற்றியது என்பதனால் மட்டும் ஒரு கதை ஒருமைப்பாடு உடையதாகிவிடாது என்பது அரிஸ்டாட்டில் தம் கவிதையியலுள் வற்புறுத்திய கருத்து. ஒரு மனிதனுக்கு நிகழ்வன எண்ணிறந்தன. அவற்றுள் பல, ஒன்றோடொன்று காரண காரியத் தொடர்பு உடையன அல்ல. வாழ்க்கை வேறு, கதைப்பின்னல் வேறு. ஆகலின், வாழ்ந்த ஒருவர் வரலாற்றை நாடகமாக்கப் புகும் ஆசிரியன் முதற்கண் செய்வது சொல்லுதல் அன்று, வெட்டுதல். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது, இடையே எவ்வாண்டுகளைத் தாண்டிச் செல்வது என்னும் மூன்று முடிபுகளே அவன் கலையின் பெரும்பகுதி ஆகின்றன. கற்பனைக் கதையில் இவை அழகு பற்றிய முடிபுகள். வரலாற்று நாடகத்திலோ, இவை உண்மை பற்றிய முடிபுகளும் ஆகின்றன. இதனை விளக்குவதற்குப் பாரிசு நகரத்து ஆடைக்கலைஞர் கபிரியேல் ஷனேல் அம்மையாரின் வாழ்க்கையை யாம் எடுத்துக்கொள்கின்றோம். கத்தரிக்கோலால் புகழ்பெற்ற ஒருவரின் வாழ்க்கையை நாடக ஆசிரியர்கள் எவ்வாறு கத்தரித்தனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முதலில் வாழ்க்கை. ஷனேல் 1883 ஆகஸ்டு 19ஆம் நாள் சோமுயர் என்னும் ஊரில் ஏழையர் மருத்துவமனையில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று பண்டம் விற்ற சிறுவணிகர். 1895இல் தாய் இறந்தபின், பெண்மக்களைத் தந்தை கைவிட்டார். கன்னித்துறவியர் நடத்திய அனாதை இல்லத்தில் சிறுமி வளர்ந்தார். மூலேன் நகரில் பகலில் தையல் வேலை, மாலையில் சிற்றரங்கில் பாட்டு. பின்னர் எத்தியேன் பல்சான் என்னும் செல்வர் மனையில் வாழ்வு. அங்கே ஆர்தர் கேப்பல் என்னும் ஆங்கிலேயரின் நட்பு. அவர் பொருளுதவியால் 1910இல் பாரிசில் காம்போன் தெருவில் தொப்பிக்கடை எழுந்தது. 1913இல் தோவீலிலும் 1915இல் பியாரித்சிலும் ஆடைக்கடைகள் தோன்றின. 1919 டிசம்பரில் கேப்பல் கார் விபத்தில் மாண்டார். 1921இல் 'ஐந்தாம் எண்' நறுமணநீர் வெளிவந்தது. 1924இல் அதனை விற்பதற்கென ஏற்பட்ட நிறுவனத்தில் நூற்றுக்கு 70 பங்கு வெர்த்தைமர் உடன்பிறந்தாருக்கு. அம்மையாருக்கு 10 பங்கே. இந்தப் பத்துப் பங்கை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். 1939இல் போர் மூண்டதும் அவர் ஆடை மனையை மூடினார். 1954 பிப்ரவரி 5ஆம் நாள், தம் எழுபதாம் அகவையில், மீண்டும் புதிய ஆடைகளை அரங்கேற்றினார். பிரெஞ்சு இதழ்கள் எள்ளின. அமெரிக்க வணிகர்கள் வாங்கினர். 1971 சனவரி 10ஆம் நாள் இறக்கும்வரை அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

இவ்வாழ்க்கையை முதன்முதலில் கதையாகப் பின்னியவர் நாடக ஆசிரியர் எவரும் அல்லர், ஷனேலே ஆவர். தம் பிறப்பையும் இளமையையும் அவர் பலரிடம் பலவாறாகச் சொன்னார். அனாதை இல்லத்தை அவர் வாயால் சொன்னதில்லை. அதன் இடத்தில் கண்டிப்பான அத்தைமாரைக் கற்பித்துக்கொண்டார். 1946இல் சுவிட்சர்லாந்தில் போல் மொரான் என்னும் எழுத்தாளரிடம் தம் வரலாற்றைக் கூறினார். அந்நூல் அவர் மறைவுக்குப்பின் 1976இல்தான் வெளிவந்தது. எட்மோண்டு ஷார்ல்-ரூ அம்மையார் 1974இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறே இப்புனைவுகளை ஆவணங்களோடு ஒப்பிட்டு அவிழ்த்தது. இதனால் ஒன்று தெளிவாகிறது. நாடக ஆசிரியர் கைக்கு வந்தது வெட்டப்படாத துணி அன்று. உரியவராலேயே ஒருமுறை வெட்டித் தைக்கப்பட்ட ஆடை. தையலைப் பிரித்துப் பார்ப்பதா, அதன்மேலேயே பூவேலை செய்வதா என்பதே பின்வந்தோர் முன் நின்ற வினா.

பூவேலை செய்தவருள் முதல்வர் ஆலன் ஜே லெர்னர். அவர் எழுத, ஆந்திரே பிரெவின் இசையமைத்த 'கோக்கோ' என்னும் இசைநாடகம் 1969 டிசம்பர் 18ஆம் நாள் நியூயார்க்கில் மார்க் ஹெலிங்கர் அரங்கில் மேடையேறி, 329 முறை நடிக்கப்பெற்றது. காதரின் ஹெப்பர்ன் தலைமை வேடம் தாங்கினார்; செசில் பீட்டன் உடையமைத்துப் பரிசு பெற்றார். நாடகம் நடந்தபொழுது ஷனேல் உயிரோடு இருந்தார் என்பது கருதத்தக்கது. லெர்னர் முழு வாழ்க்கையையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1953ஆம் ஆண்டின் இறுதியில், பதினைந்தாண்டு ஓய்வுக்குப்பின் முதியவர் மனையைத் திறக்க முடிவு செய்யும் இடத்தில் திரை எழுகிறது. ஆடைகள் அரங்கேறுகின்றன, இகழப்படுகின்றன, அமெரிக்கப் பெருங்கடைகளின் வாங்குநர் வந்து காக்கின்றனர். இடையிடையே தந்தையும் பழைய காதலரும் திரைப்படக் காட்சிகளாகத் தோன்றி மறைகின்றனர். நோயெல் என்னும், ஆடை அணிந்து காட்டும் இளநங்கையின் காதலில் அம்மையார் தலையிடுவது கிளைக்கதை. அவள் மணம் நாடிப் போக, இவர் தனித்து நிற்பதோடு நாடகம் முடிகிறது.

நாடக இலக்கணம் நோக்கின் இஃது ஒழுங்கான அமைப்பு. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் நாடகச் சந்திகளை முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என ஐந்தாக்கி, ஒவ்வொன்றையும் உழவுத் தொழிலோடு உவமித்துச் செல்வார்: வித்து முளைத்தல், நாற்றாதல், கருக்கொள்ளுதல், கதிர் முற்றுதல், அறுத்துப் போரடித்து உண்ணுதல். லெர்னரின் நாடகத்தில் மீளும் முடிவே வித்து, தையற் கூடத்து முயற்சி நாற்று, அரங்கேற்றம் கரு, தோல்வியும் அதனின்று மீட்சியும் விளைவு, வாங்குநர் வரவு துய்த்தல். குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவ்வுவமையிலேயே ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. உழவன் வித்திடுமுன் நிலம் தரிசாய்க் கிடத்தல் வேண்டும். மீட்சிக் கதைக்கு அதற்கு முந்திய காலம் வெறுமையாக இருத்தல் இன்றியமையாதது. அதனை நாடகம் ஓய்வு என்று பெயரிட்டு அழைக்கிறது.

அக்காலம் தரிசாய்க் கிடந்ததா? வரலாறு இல்லை என்கிறது. 1940 முதல் செருமானியர் பாரிசைக் கைப்பற்றி ஆண்டபொழுது, ஷனேல் அவர்தம் உயர் அலுவலர் தங்கிய ரிட்சு விடுதியிலேயே வாழ்ந்தார். ஹான்ஸ் குந்தர் பொன் திங்க்லாக் என்னும் செருமானிய உளவுத்துறையாளர் அவருடைய காதலர். சிறைப்பட்டிருந்த உடன்பிறந்தாள் மகனை மீட்கும் முயற்சியே அவரைச் செருமானியரிடம் சேர்த்தது என்பாரும் உளர். 1941இல் அவர் மத்ரீதுக்குச் சென்றது இத்தொடர்பாலேயே. செருமானிய உளவுப் பதிவேட்டில் அவருக்கு 7124 என்னும் எண்ணும், 'வெஸ்ட்மின்ஸ்டர்' என்னும் மறைபெயரும் காணப்படுகின்றன. 1943ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும், சர்ச்சிலுக்குச் செய்தி விடுக்கும் நோக்கோடு மத்ரீதுக்கு மற்றொரு செலவு ஏற்பாடாயிற்று. அது பயனின்றிப் போயிற்று. 1944இல் பாரிசு விடுதலை பெற்றதும் அவர் பிடிக்கப்பட்டு, சில மணிநேரத்தில் விடுவிக்கப்பட்டு, சுவிட்சர்லாந்து சென்று பல்லாண்டு தங்கினார்.

இவற்றினும் நாடகத்திற்கு நெருங்கிய செய்தி மற்றொன்று. வெர்த்தைமர் உடன்பிறந்தார் யூதர். 1940இல் அவர்கள் நியூயார்க்குக்குத் தப்பியோடினர். யூதர் சொத்தைப் பிறருக்கு மாற்றும் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபொழுது, 1941 மே மாதத்தில் ஷனேல் உரிய அலுவலருக்கு எழுதி, நறுமண நிறுவனம் இன்னும் யூதர் சொத்தே என்றும் அது தமக்கு உரியது என்றும் முறையிட்டார். அவர்களோ முன்னரே தம் பங்குகளைப் பெலிக்சு அமியோ என்னும் வானூர்தித் தொழிலதிபர் பெயருக்கு மாற்றி வைத்திருந்தனர். ஆகவே முறையீடு வெல்லவில்லை. போருக்குப்பின் அமியோ அவற்றைத் திருப்பித் தந்தார். 1947இல் இருதிறத்தாரும் உடன்பாடு செய்துகொண்டனர். இனிக் கேட்போர் வியக்கும் செய்தி: 1954ஆம் ஆண்டு மீட்சிக்குப் பொருள் தந்து தாங்கியவர் அந்தப் பியேர் வெர்த்தைமரே. யாருடைய உடைமையைப் பறிக்க ஒருவர் முயன்றாரோ, அவர் பொருளாலேயே அவர் மீண்டும் எழுந்தார். நிலைமாற்றம் என்று அரிஸ்டாட்டில் கூறும் உறுப்பு இதனினும் முழுமையாக அமைவது அரிது. வரலாறு இலவசமாக வழங்கிய இம்முடிச்சை லெர்னர் ஏன் தொடவில்லை?

விடை, பாத்திரப் பெயர்களில் இருக்கிறது. 'கோக்கோ' நாடகத்தில் அம்மையாரின் வணிகத்தைப் பார்த்துக்கொள்பவர் லூயி கிரெப் என்னும் கற்பனை மாந்தர். உண்மைப் பெயரை மாற்றுவது நாடக வழக்கே. சட்ட அச்சமும் காரணமாகலாம். ஷனேலும் வெர்த்தைமர் குடும்பத்தாரும் வாழ்ந்த காலம் அது. எனினும் பெயரோடு பிறவற்றையும் அம்மாற்றம் கொண்டுபோய்விட்டது. கற்பனை வணிகனுக்கு 1941 இல்லை. அவன் ஊரைவிட்டு ஓடியவன் அல்லன். ஆகவே அவனுக்கும் தலைவிக்கும் இடையே சிறுபூசல் நிகழலாம். வழக்கு நிகழ முடியாது. தலைவியின் எதிரிகளாக எஞ்சுவோர் முதுமை, மாறிய காலச்சுவை, பொறாமை கொண்ட போட்டி ஆடைக்கலைஞன் என்போரே. இவர்கள் எல்லாம் அவருக்கு வெளியே நிற்போர். தாம் செய்த வினையோடு மோதும் வாய்ப்பு அவருக்குத் தரப்படவில்லை.

2008இல் வந்த 'கோக்கோ ஷனேல்' என்னும் தொலைக்காட்சிப் படமும் இவ்வமைப்பையே பின்பற்றியது. கிறிஸ்தியான் துகே இயக்க, முதுமை வேடத்தில் ஷர்லி மக்லேனும் இளமை வேடத்தில் பார்போரா போபுலோவாவும் நடித்தனர். 1954ஆம் ஆண்டுத் தோல்வியில் தொடங்கி, இளமை நினைவுகளுக்குப் பின்னோக்கிச் சென்று, மீட்சியில் முடிகிறது. போர்க்காலத்தைத் தாண்டிச் செல்கிறது. இங்கும் வணிகத் துணைவர் மார்க் பூஷியே என்னும் கற்பனை மாந்தர். லெர்னருக்கேனும், அறிந்தோர் சிலராய் இருந்த காலம் என்னும் சமாதானம் உண்டு. இப்படத்திற்கு அதுவும் இல்லை. ஷார்ல்-ரூ நூல் வெளிவந்து முப்பத்துநான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்னோக்கு உத்தி கதையாசிரியருக்குத் தரும் பெரும் வசதி இதுவேயாம்: முதியவர் எதனை நினைக்கிறாரோ அதுவே காட்சியாகும், நினையாதது நிகழாததாகிவிடும்.

மற்றொரு வகைக் கதைப்பின்னல் மீட்சியை விட்டுத் தோற்றத்தைப் பற்றுவது. 1981இல் வந்த 'ஷனேல் சோலித்தேர்' இவ்வகையது; அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 2009இல் ஆன் பொந்தேன் அம்மையார் இயக்கி, ஒத்ரே தொத்து நடித்த 'கோக்கோ அவான் ஷனேல்' திரைப்படமே இவ்வகையுள் சிறந்தது. தலைப்பின் பொருள் 'ஷனேல் ஆவதற்கு முந்திய கோக்கோ' என்பது. எல்லையைத் தலைப்பிலேயே அறிவித்துவிடும் நேர்மையை யாம் பாராட்டுகின்றோம். சிறுமியர் இருவர் வண்டியில் அனாதை இல்லத்தில் கொண்டுவிடப்படுவதில் தொடங்குகிறது படம். தந்தை திரும்பி வரவில்லை. இவ்வொரு காட்சி, தம் வாழ்நாள் முழுதும் ஷனேல் தைத்து மூடிய இடத்தைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. பின்னர்ப் பல்சான் மனை, கேப்பலின் காதல், அவர் இறப்பு.

இப்படத்தின் கதைப்பின்னலில் எமக்கு மிகவும் உடன்பாடான கூறு, தொழிலை நிகழ்ச்சியாக்கிய திறம். ஆடைக்கலைஞரின் வாழ்க்கையை நாடகமாக்குவோர் பெரும்பாலும் காதலைக் கதையாகவும் தையலை அலங்காரமாகவும் கொள்வர். பொந்தேனோ ஒவ்வொரு ஆடை மாற்றத்தையும் தலைவியின் நிலைமாற்றமாகக் காட்டுகிறார். இடுப்பை இறுக்கும் கச்சையும் இறகு மலிந்த தொப்பியும் அணிந்த மகளிர் நடுவே, ஆடவர் உடையை அறுத்துத் திருத்தி அணிந்து நிற்கிறாள் ஒருத்தி. கடற்கரையில் மீனவர் அணிந்த கோடிட்ட சட்டையைக் காண்கிறாள். பின்னர்க் கருப்பாடை ஒன்றைத் தைக்கச் சொல்கிறாள். பிறர் தயவில் வாழ்பவள், பிறர் பார்வைக்காக உடுக்க மறுக்கும் செயலே அவளுடைய முதல் உரிமைச் செயல் என்பது சொல்லாமலே விளங்குகிறது. நிகழ்ச்சியும் பண்பும் ஒன்றாகிய இடம் இது.

ஆனால் முடிவு? கேப்பல் இறந்தபின் படம் ஒரே தாவலில் காம்போன் தெருவின் கண்ணாடிப் படிக்கட்டுக்குச் செல்கிறது. படியில் அம்மையார் அமர்ந்திருக்க, நங்கையர் ஆடைகளோடு அவரைக் கடந்து இறங்குகின்றனர். கண்ணாடிகளில் ஒருவர் பலராகின்றனர். ஆண்டு சொல்லப்படவில்லை. அழகிய முடிவு, ஆனால் தலைப்பு அறிவித்த எல்லையை அது மீறுகிறது. 'ஷனேல் ஆவதற்கு முன்' என்று எல்லை வகுத்த கதை, ஷனேல் ஆனபின் உள்ள புகழை மட்டும் இறுதியில் எடுத்துக்கொள்கிறது. புகழை முன்கூட்டி வாங்கிக்கொள்ளும் கதை பழியையும் வாங்கியிருத்தல் வேண்டும் என்று வாதிடுவார்க்கு மறுமொழி கூறுதல் எளிதன்று. இப்படத்தின் மூலநூல் ஷார்ல்-ரூ எழுதிய வரலாறேயாம். போர்க்காலச் செய்திகளை மறைக்காத நூல் அது.

ஈண்டு இலக்கியத்திற்குச் சற்றுப் புறம்பான ஒன்றைக் குறிக்க வேண்டியுள்ளது. இப்படத்தின் ஆக்கத்திற்கு ஷனேல் மனை துணைபுரிந்தது. தலைமை நடிகையான தொத்து அதே 2009இல் 'ஐந்தாம் எண்' நறுமணநீரின் விளம்பர முகமானார். அவ்வாண்டிலேயே யான் கூனன் இயக்கிய 'கோக்கோ ஷனேலும் இகோர் ஸ்திராவின்ஸ்கியும்' என்னும் படத்தின் தலைவி அன்னா மூக்ளாலிசும் அம்மனையின் விளம்பரத்தோடு தொடர்புடையவரே. புரவலர் வாயிலில் பாடிய புலவர் மரபை அறிந்த எமக்கு இது புதுமையன்று. புரவலரைப் பாடியதனாலேயே பாட்டு பொய்யாகிவிடாது என்பதையும் அறிவோம். எனினும், பாடப்படாதது எது என்று கேட்கும் உரிமை ஆராய்ச்சியாளனுக்கு உண்டு. கூனன் படம், 1913 மே 29ஆம் நாள் ஸ்திராவின்ஸ்கியின் இசைக்கூத்து கூச்சலில் முடிந்த காட்சியில் தொடங்கி, 1920இல் கார்ஷு ஊரில் ஷனேல் மனையில் அவர் குடும்பத்தோடு தங்கிய காலத்தைச் சொல்கிறது. இடம் சிறிது, காலம் சிறிது; நோயுற்ற மனைவியின் மௌனமே அதன் உயிர். இருவரும் முதுமையில் தோன்றும் ஒரு காட்சிக்காக அதுவும் அரை நூற்றாண்டைத் தாண்டுகிறது.

குறுகிய காலத்தைத் தேர்தல் தவறு என்பது எம் கருத்தன்று. 2014இல் பெர்த்ராண் பொனெல்லோ இயக்கிய 'செயின் லோரான்' திரைப்படம் 1967 முதல் 1976 வரையுள்ள ஆண்டுகளையே பெரும்பாலும் பற்றியது. அக்கலைஞரின் சீர்கேடும் சிறப்பும் ஒருங்கே விளங்கும் ஆண்டுகள் அவை. வெட்டுதல் இருவகைப்படும் என்க. பொருள் தெளிய வெட்டுவது ஒன்று; பொருள் மறைய வெட்டுவது மற்றொன்று.

2011இல் ஹால் வாகன் என்னும் ஆசிரியர் ஆவணக்காப்பகத் தாள்களைத் தொகுத்து, ஷனேலின் போர்க்காலச் செயல்களைப் பற்றித் தனிநூல் வெளியிட்டார். அதன்பின் அவ்வாண்டுகளைத் தரிசாகக் காட்டுதல் இயலாதாயிற்று. 2024 பிப்ரவரியில் தொடங்கிய 'தி நியூ லுக்' என்னும் பத்துப்பகுதித் தொடர் கதைப்பின்னலையே தலைகீழாக்கியது. டாட் கெஸ்லர் படைத்த இதில் ஷனேலாக ழூலியத் பினோஷும், கிறிஸ்தியான் தியோராகப் பென் மெண்டல்சனும் நடித்தனர். தொடக்கம் 1955இல்: தியோர் சோர்போன் பல்கலைக்கழகத்தில் மாணவர்முன் நிற்கிறார், ஷனேல் தம் மீட்சியைப் பற்றிச் செய்தியாளரிடம் பேசுகிறார். மாணவி ஒருத்தி கேட்கும் வினாவே கதையைப் பின்னோக்கிச் செலுத்துகிறது: ஆக்கிரமிப்புக் காலத்தில் ஷனேல் மனையை மூடியிருக்க, தாங்கள் பகைவர் மனைவியர்க்கு ஆடை தைத்தது உண்மையா என்பது அவ்வினா. முன்னைய நாடகங்கள் மீட்சிக்கு முன்னுரையாகக் கொண்ட வெற்றிடமே இத்தொடருக்கு முழுக்கதையும் ஆகிவிட்டது.

இதன் அமைப்பு இரட்டைப் பின்னல். ஒருபுறம் ஷனேல் படிப்படியாகச் செருமானியர் வலையிற் சிக்குதல். மறுபுறம் தியோரின் தங்கை காதரின் எதிர்ப்பியக்கத்தில் ஈடுபட்டு, 1944 சூலையில் பிடிபட்டு, ராவென்ஸ்புருக் வதைமுகாமுக்கு அனுப்பப்படுதல். இறுதியில் 1947 பிப்ரவரி 12ஆம் நாள் தியோரின் புகழ்பெற்ற ஆடை அரங்கேற்றம். இரட்டைப் பின்னலின் நோக்கம் ஒப்புநோக்குதல். ஒரே நகரம், ஒரே அச்சம். ஒருத்தி செய்தது இது, ஒருத்தி செய்தது அது என்று கதை பேசாமலே பேசுகிறது. ஷனேல் ஒருவரை மட்டும் காட்டியிருப்பின், அவர் கூறும் காரணங்களே அளவுகோலாகியிருக்கும்.

ஆயினும் குறையும் உண்டு. தொடர் முழுவதும் ஷனேல் பிறர் தள்ளச் செல்பவராகவே பெரிதும் காட்டப்படுகிறார். உறவினனைக் காக்கப் புறப்பட்டவர், காதலனால் இழுக்கப்பட்டவர், அச்சுறுத்தலுக்கு அஞ்சியவர் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு சாக்கு அமைந்துவிடுகிறது. காரண காரியத் தொடர்பை நெருக்கமாகப் பின்னுவதால் விளையும் இடர் இது. பின்னல் இறுக இறுக, தேர்ந்து செய்யும் உரிமை தலைவியிடமிருந்து நழுவுகிறது. 1941 மே மாதத்து முறையீடோ எவரும் தள்ளாமல் எழுதப்பட்டது. பதினேழு ஆண்டுகளாக மனத்தில் உறுத்திய அந்தப் பத்துப் பங்கே அதற்குக் காரணமாயிற்று, சட்டம் வாய்ப்பளித்தது, அவர் கையெழுத்திட்டார். சாக்கு இல்லாத செயல் அது ஒன்றே ஆதலின், பாத்திரப்பண்பு முழுதும் வெளிப்படும் இடமும் அதுவே.

1954 பிப்ரவரி 5ஆம் நாளைக் கதையின் உச்சமாகக் கொண்ட 1969ஆம் ஆண்டு நாடகத்திலும் 2008ஆம் ஆண்டுப் படத்திலும் பியேர் வெர்த்தைமர் தம் பெயரோடு தோன்றவில்லை. பொருள் கொடுத்த அவர் அன்று ஷனேலை எவ்வாறு நோக்கினார், ஷனேல் அவரை எவ்வாறு எதிர்கொண்டார் என்னும் காட்சியை அவை எழுதவில்லை. தோல்விச் செய்தி வந்தபின்னும் அவர் தம் பொருளை மீட்டுக்கொள்ளவில்லை. ஆடை மனையையும் தம் நிறுவனத்தோடு சேர்த்துக்கொண்டு, அதன் செலவு முழுதும் ஏற்றார். இன்றும் அம்மனை வெர்த்தைமர் குடும்பத்தாருக்கே உரியது.